வெண்கலப் பதக்கமும் இரகசிய அறையும்

சென்ற கோடை விடுமுறைக்குப் பேரன் வந்திருந்தான். கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறவன். ஒரு நாள் இரவு என்னையும் பக்கத்தில் உட்காரவைத்து 'தி இமிடேஷன் கேம்' என்ற ஆங்கிலப் படத்தைக் காட்டினான். 2014இல் வெளிவந்த படம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் இரகசியச் செய்திகளை உடைத்த ஆலன் டூரிங் என்ற கணித மேதையின் கதை. அதில் டென்னிஸ்டன் என்று ஓர் அதிகாரி வருகிறார். விறைப்பான மனிதர். டூரிங்கைக் கண்டாலே அவருக்கு ஆகாது. டூரிங் செய்த இயந்திரத்தை நிறுத்தச் சொல்கிறார், அவரை வேலையை விட்டே அனுப்பப் பார்க்கிறார். "தாத்தா, இவர்தான் வில்லன்" என்றான் பேரன்.

அந்தப் பெயரை நான் வேறோர் இடத்தில் படித்த ஞாபகம் இருந்தது. எனக்கு ஹாக்கிப் பைத்தியம் உண்டு என்பது நம் சங்கத்தில் பலருக்கும் தெரியும். மறுநாள் பழைய குறிப்புகளைப் புரட்டினேன். 1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஸ்காட்லாந்துக்காக ஹாக்கி ஆடி வெண்கலம் பெற்ற பதினொருவரில் ஒருவர் அலஸ்டர் டென்னிஸ்டன். படத்தில் வந்தவரும் இவரும் ஒருவரே! பிறகு சில மாதங்கள் அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படம் காட்டிய மனிதர் வேறு, வாழ்ந்த மனிதர் வேறு என்று தெரிந்தது. அதை நம் வாசகர்களுக்கு, முக்கியமாகப் பிள்ளைகளுக்கு, சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்தக் கட்டுரை.

மூன்று நாள் ஆட்டம்

டென்னிஸ்டன் 1881 டிசம்பர் 1ஆம் தேதி ஸ்காட்லாந்தின் கிரீனக் நகரில் பிறந்தார். கிளைடு ஆற்றங்கரைத் துறைமுக நகரம் அது. நீராவி எஞ்சினைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட் பிறந்த ஊரும் அதுவே. ரயில்வேக்காரனான எனக்கு இது ஒன்றே போதும், மனிதர்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. தந்தை மருத்துவர். பிள்ளை ஜெர்மனியில் பான் பல்கலைக்கழகத்திலும் பிறகு பாரிஸிலும் படித்தார். ஜெர்மன், பிரெஞ்சு இரண்டும் தாய்மொழிபோலப் பழகின. ஊர் திரும்பி எடின்பரோவில் ஒரு பள்ளியில் ஆசிரியரானார். பின்னர் வைட் தீவில் ஆஸ்போர்ன் என்ற இடத்தில் இருந்த கடற்படைக் கல்லூரியில் ஜெர்மன் மொழி கற்பித்தார். உருவத்தில் சிறியவர். அலுவலகத்தில் 'சின்ன மனிதர்' என்றே பின்னாளில் அவரைக் குறிப்பிட்டார்களாம்.

ஒலிம்பிக்கில் ஹாக்கி முதன்முதலாக இடம்பெற்றது அந்த 1908ஆம் ஆண்டில்தான். லண்டன் ஒயிட் சிட்டி மைதானத்தில் அக்டோபர் 29 முதல் 31 வரை மூன்றே நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. மொத்தம் ஆறு அணிகள்: இங்கிலாந்து, அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், ஜெர்மனி, பிரான்ஸ். முதல் ஆட்டமே ஸ்காட்லாந்துக்கும் ஜெர்மனிக்கும். ஸ்காட்லாந்து 4–0 என்று வென்றது. ஒலிம்பிக் ஹாக்கியின் முதல் கோலை அடித்தவர் ஸ்காட்லாந்தின் ஐவன் லெயிங். அரையிறுதியில் இங்கிலாந்திடம் 1–6 என்று தோற்றார்கள். மூன்றாம் இடத்துக்குத் தனி ஆட்டம் வைக்காததால் ஸ்காட்லாந்தும் வேல்ஸும் வெண்கலத்தைப் பகிர்ந்துகொண்டன. இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்து அயர்லாந்தை 8–1 என்று வென்றது. நம் இந்தியா ஒலிம்பிக் ஹாக்கிக்கு வந்து தங்கம் வென்றது இருபது ஆண்டு கழித்து, 1928இல் ஆம்ஸ்டர்டாமில்.

முதல் கோலை அடித்த லெயிங் 1917இல் பிரான்ஸ் போர்முனையில் உயிரிழந்தார். அதே போர் டென்னிஸ்டனை வேறொரு களத்துக்கு இழுத்துச் சென்றது. அங்கேயும் எதிரணி ஜெர்மனிதான்.

நாற்பதாம் எண் அறை

1914 ஆகஸ்டில் போர் மூண்டது. ஜெர்மன் கடற்படையின் கம்பியில்லாத் தந்திச் செய்திகள் பிரிட்டிஷ் நிலையங்களில் வந்து விழுந்தன. எல்லாம் இரகசியக் குறியில் இருந்தன. அவற்றைப் படிக்கும் பொறுப்பைக் கடற்படைக் கல்வித் துறையின் தலைவர் ஆல்ஃபிரட் யூயிங்கிடம் கொடுத்தார்கள். டிரான்ஸ்ஃபார்மர் பாடத்தில் 'ஹிஸ்டரிசிஸ்' என்று படித்தோமே, அந்தச் சொல்லைத் தந்த விஞ்ஞானி அவர்தான். அவரும் ஸ்காட்லாந்துக்காரர். தம் துறையின் கல்லூரிகளில் ஜெர்மன் தெரிந்த ஆசிரியர்களைத் தேடினார். முதலில் வந்தவர்களில் ஒருவர் டென்னிஸ்டன். கடற்படைத் தலைமையகத்தில் அவர்களுக்குக் கிடைத்த அறையின் எண் 40. அந்த எண்ணே பிரிவுக்குப் பெயராயிற்று.

இங்கே ஒரு சிறு விளக்கம். நாம் சின்ன வயதில் 'க' பாஷை பேசியிருக்கிறோம். ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் 'க' சேர்த்து, "கநீ கவா" என்று பெரியவர்கள் எதிரில் பேசுவோம். இது எழுத்தெழுத்தாக மறைக்கிற முறை. இன்னொரு முறை, ஒரு முழுச் சொல்லுக்கோ ஊருக்கோ ஒரு குறியைப் பட்டியல் போட்டு வைத்துக்கொள்வது. ரயில்வேயில் எம்.ஏ.எஸ். என்றால் சென்னை சென்ட்ரல், கே.ஜி.பி. என்றால் கரக்பூர். இது சுருக்கம்தான், இரகசியமில்லை. ஆனால் அந்தப் பட்டியல் ஒருவரிடம் மட்டும் இருந்தால் அதுவே இரகசியமாகிவிடும். ஜெர்மன் கடற்படை இரண்டையும் கலந்து பயன்படுத்தியது.

1914 ஆகஸ்டில் மாக்டபர்க் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் பால்டிக் கடலில் தரைதட்டியது. அதிலிருந்த குறிப்புத்தகம் ரஷ்யர்கள் கையில் சிக்கியது. அவர்கள் ஒரு பிரதியை லண்டனுக்கு அனுப்பினார்கள். அதன்பின் நாற்பதாம் எண் அறைக்கு ஓய்வில்லை. 1917இல் மெக்சிகோவை அமெரிக்காவுக்கு எதிராகத் தூண்டிவிட ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் சிம்மர்மன் அனுப்பிய தந்தியை அவர்கள்தான் படித்தார்கள். அமெரிக்கா போரில் இறங்க அதுவும் ஒரு காரணம். டென்னிஸ்டனுக்கு அங்கே வேறொரு பலனும் கிடைத்தது. அதே பிரிவில் பணியாற்றிய டோரதி கில்லியட்டை 1917இல் மணந்தார்.

இருபது வருடக் காவல்

போர் முடிந்ததும் இந்த வேலைக்கென்று 1919இல் ஒரு சிறு நிறுவனம் அமைத்தார்கள். வெளியே சொல்ல ஒரு சாதுவான பெயர்: அரசுக் குறியீட்டுப் பள்ளி. தங்கள் அரசின் தந்திகளைப் பாதுகாப்பது என்பது ஊரறிந்த வேலை. அயல்நாட்டுத் தந்திகளைப் படிப்பது உள்வேலை. அதன் தலைவர் டென்னிஸ்டன். ஆள் கொஞ்சம், பணம் அதைவிடக் கொஞ்சம். யுத்தம் இல்லாத காலத்தில் இப்படிப்பட்ட இலாகாவை யார் கவனிப்பார்கள்?

உழைப்பு வீணான சந்தர்ப்பமும் உண்டு. சோவியத் அரசின் தந்திகளைப் படித்துக்கொண்டிருந்தார்கள். 1927இல் பிரிட்டிஷ் அரசாங்கம் அரசியல் காரணத்துக்காக அவற்றை நாடாளுமன்றத்திலேயே வாசித்துவிட்டது! மாஸ்கோ சும்மா இருக்குமா? ஒரு முறைக்குமேல் பயன்படாத தாள்களைக் கொண்டு மறைக்கும் முறைக்கு மாறியது. சரியாகக் கையாண்டால் உடைக்கவே முடியாத முறை அது. பல ஆண்டு முயற்சி ஒரே மாதத்தில் போயிற்று. ரயிலில் யாருக்கும் புரியாது என்று தமிழில் சத்தமாகப் பேசிவிட்டு, எதிர் சீட்டுக்காரர் "நானும் மதுரைதான் சார்" என்றதும் வாயடைத்துப் போன அனுபவம் நம்மில் பலருக்கு இருக்கும். இரகசியம் நீடிப்பது எதிராளிக்குத் தெரியாதவரைதான்.

1938இல் மறுபடி போர் வரும் என்று தெரிந்தது. டென்னிஸ்டன் ஆக்ஸ்ஃபர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் ஆள் தேடினார். முதல் போரில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் மொழி அறிஞர்கள். இப்போது இயந்திரத்தோடு மல்லுக்கட்ட வேண்டும் என்பதால் கணிதக்காரர்களையும் சேர்த்தார். போர் வந்தால் அழைப்போம் என்று பெயர்ப் பட்டியல் வைத்துக்கொண்டு, அவர்களுக்கு முன்கூட்டியே வகுப்பும் நடத்தினார்கள். அந்தப் பட்டியலில் இருந்த இருவர் ஆலன் டூரிங், கார்டன் வெல்ச்மன். 1939 செப்டம்பர் 3ஆம் தேதி பிரிட்டன் போர் அறிவித்தது. 4ஆம் தேதி டூரிங் வேலைக்கு வந்து சேர்ந்தார். பேராசிரியர் தரத்து ஆட்களுக்கு வருடம் 600 பவுண்டு சம்பளம் என்று நிதித் துறையிடம் முன்னதாகவே ஒப்புதல் வாங்கி வைத்திருந்தவரும் டென்னிஸ்டன்தான். அந்த வில்லன் இவர்தான்!

இனிக்மா என்னும் பூட்டு

நான் சிக்னல் – டெலிகாம் பிரிவில் முப்பத்தைந்து வருடம் கம்பியோடும் ரிலேயோடும் வாழ்ந்தவன். அதனால் இனிக்மா இயந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் இருக்க முடியாது. பார்க்க டைப்ரைட்டர் மாதிரி இருக்கும். ஒரு எழுத்தை அழுத்தினால் பேட்டரி மின்சாரம் மூன்று சக்கரங்கள் வழியாகப் போகும். ஒவ்வொரு சக்கரத்திலும் 26 முனைகள், உள்ளே கம்பிகள் தாறுமாறாகப் பின்னியிருக்கும். கடைசியில் ஒரு தடுப்புத் தட்டில் பட்டு, வேறு பாதையில் அதே சக்கரங்கள் வழியாகத் திரும்பி வந்து இன்னோர் எழுத்தின் விளக்கை எரியவைக்கும். ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் ஒரு சக்கரம் ஒரு பல் நகரும், ஸ்கூட்டரின் கிலோமீட்டர் எண் உருள்வதுபோல. ஆகவே அதே எழுத்தை மீண்டும் அழுத்தினால் வேறு விளக்கு எரியும். முன்புறம் பழைய டெலிஃபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி பிளக் போர்டு. அதில் பத்து வயர்களால் எழுத்துகளை ஜோடி ஜோடியாக மாற்றிவிடலாம்.

ஐந்து சக்கரங்களில் மூன்றைத் தேர்ந்து அடுக்க 60 வழி. அவற்றின் தொடக்க நிலைகள் 17,576. பிளக் போர்டையும் சேர்த்தால் மொத்தம் ஏறக்குறைய 159 எழுதிப் பக்கத்தில் பதினெட்டு சைபர் போடவேண்டும். நிமிடத்துக்கு ஒன்று என்று சோதித்தால் மூன்று கோடி கோடி ஆண்டு ஆகும். அமைப்போ தினமும் மாறும்.

பூட்டில் ஒரு குறையும் இருந்தது. தடுப்புத் தட்டு காரணமாக எந்த எழுத்தும் தானாகவே வெளிவராது. 'ஏ' அழுத்தினால் 'ஏ' விளக்கு எரியவே எரியாது. செய்தியில் 'வானிலை' போன்ற ஒரு சொல் இருக்கும் என்று ஊகித்தால், அதை மறைசெய்தியின்மேல் வைத்து நகர்த்திப் பார்க்கலாம். ஓர் எழுத்து ஒத்துப்போனாலும் அந்த இடம் தவறு என்று ஒதுக்கிவிடலாம். டூரிங்கின் இயந்திரத்துக்கு இதுவே பிடி.

முதலில் சக்கரங்களின் உள்பின்னல் தெரியவேண்டும். அதை 1932இலேயே கணிதத்தால் கண்டுபிடித்தவர் போலந்தின் மரியன் ரெயெவ்ஸ்கி. 1939 ஜூலை இறுதியில், போர் மூள ஐந்து வாரமே இருக்கையில், போலந்துக்காரர்கள் பிரிட்டிஷ், பிரெஞ்சு நிபுணர்களை வார்சாவுக்கு அழைத்தார்கள். டென்னிஸ்டனும் அவரது மூத்த நிபுணர் டில்லி நாக்ஸும் ஜெர்மனி வழியாக ரயிலிலேயே போனார்கள். வார்சாவுக்கு அருகே காட்டுக்குள் இருந்த கட்டடத்தில் எல்லாவற்றையும் திறந்து காட்டினார்கள். விசைகள் முதல் சக்கரத்தோடு எந்த வரிசையில் இணைகின்றன என்பதுதான் நாக்ஸை வெகுநாள் வாட்டிய புதிர். விடை என்ன தெரியுமா? வெறும் ஏ, பி, சி, டி வரிசை! இவ்வளவு எளிதாக இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. கோபம் தலைக்கேறியது. அவரது கோபத்தால் காரியம் கெட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை டென்னிஸ்டனுடையது. போலந்தார் செய்த மாதிரி இயந்திரம் ஒன்று ஆகஸ்ட் 16ஆம் தேதி லண்டன் விக்டோரியா ரயில் நிலையத்தில் பிரிட்டன் கைக்கு வந்து சேர்ந்தது.

பிளெட்ச்லி ஜங்ஷன்

அதே ஆகஸ்டில் நிறுவனம் லண்டனிலிருந்து பிளெட்ச்லி பார்க் என்ற மாளிகைக்கு மாறியது. அந்த இடத்துக்கு என்ன விசேஷம்? பிளெட்ச்லி ஒரு ஜங்ஷன். லண்டனிலிருந்து வடக்கே போகும் மெயின் லைனும், ஆக்ஸ்ஃபர்டையும் கேம்பிரிட்ஜையும் இணைக்கும் லைனும் அங்கே சந்தித்தன. இரண்டு ஊர்ப் பேராசிரியர்களும் நேரே வந்து இறங்கலாம். ரயில்வே வரைபடம் தெரிந்தவருக்கு இது சட்டென்று விளங்கும்.

டென்னிஸ்டன் தலைமையில்தான் 1940 மார்ச்சில் டூரிங் வடிவமைத்த முதல் 'பாம்ப்' இயந்திரம் அங்கே நிறுவப்பட்டது. அவர் தலைமையில்தான் 1940 மே முதல் ஜெர்மன் விமானப்படையின் செய்திகள் தொடர்ந்து படிக்கப்பட்டன. 1941 பிப்ரவரியில், அமெரிக்கா போருக்கு வருமுன்பே, அதன் நிபுணர்களை வரவேற்றவரும் அவர். அதே ஆண்டு வாஷிங்டன் சென்று அவர்களது தலைசிறந்த நிபுணர் வில்லியம் ஃபிரீட்மனோடு உறவை உறுதிப்படுத்தினார்.

அவர் குறையையும் சொல்லத்தான் வேண்டும். ஐம்பது பேரை வைத்து அமைதியாக நடத்திய அலுவலகம் ஆயிரக்கணக்கானோர் மூன்று ஷிஃப்டில் உழைக்கும் தொழிற்சாலையாக வளர்ந்தது. மேலிடத்தில் மேசையைத் தட்டி ஆளும் பணமும் கேட்கும் சுபாவம் அவருக்கு இல்லை. உடல்நலமும் கெட்டிருந்தது. 1941 அக்டோபர் 21ஆம் தேதி டூரிங், வெல்ச்மன் உள்ளிட்ட நால்வர் பிரதமர் சர்ச்சிலுக்கே நேரடியாகக் கடிதம் எழுதி, ஆள் போதாமல் வேலை தேங்குகிறது என்று முறையிட்டார்கள். கேட்டதையெல்லாம் உடனே கொடுக்கும்படி சர்ச்சில் உத்தரவிட்டார். 1942 பிப்ரவரியில் பிளெட்ச்லியின் தலைமை, டென்னிஸ்டனின் துணைவராக இருந்த எட்வர்டு டிராவிஸிடம் போயிற்று. டென்னிஸ்டனை லண்டன் பெர்க்லி தெருவுக்கு மாற்றினார்கள். தூதரகச் செய்திகளும் வணிகச் செய்திகளும் அவர் பொறுப்பு. முகம் சுளிக்காமல் 1945வரை அதையும் செய்தார்.

பென்ஷன் காலம்

டிராவிஸுக்கு 1944இல் 'சர்' பட்டம் கிடைத்தது. அவருக்குப் பின் வந்த தலைவர்களுக்கும் கிடைத்தது. நிறுவி இருபத்திரண்டு ஆண்டு காத்த முதல் தலைவருக்கு மட்டும் கிடைக்கவில்லை. ஓய்வூதியமும் சொற்பம். போதாததால் லெதர்ஹெட் என்ற ஊரில் சிறுவர் பள்ளி ஒன்றில் பிரெஞ்சும் இலத்தீனும் சொல்லிக்கொடுத்தார். ஆசிரியராகத் தொடங்கியவர் ஆசிரியராகவே முடித்தார். அந்தப் பையன்களுக்கு எதிரில் நிற்பவர் யார் என்று தெரியாது. அவரும் சொல்ல முடியாது. 1958இல் மனைவி காலமானார். 1961 ஜனவரி 1ஆம் தேதி அவரும் போனார். பத்திரிகைகளில் இரங்கல் குறிப்புகூட வரவில்லை. பிளெட்ச்லியின் கதை 1974இல்தான் ஊருக்குத் தெரிந்தது. 2007இல் மகன் ராபின், தந்தையைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். படம் வந்தபோது பேரப்பிள்ளைகள் மனம் நொந்து பேசினார்கள்.

நம் திருவள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தின் கடைசிக் குறளில் ஒரு கருத்துச் சொல்கிறார். ஒற்றனைப் பிறர் அறியச் சிறப்பிக்காதே, சிறப்பித்தால் மறைபொருளை நீயே வெளிப்படுத்தியதாகும் என்கிறார். அரசாங்கம் அந்த வழி நடந்தது என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் பென்ஷனைக் குறைத்துக் கொடு என்று வள்ளுவர் எங்கும் சொல்லவில்லை!

இதைப் படித்தபோது பழைய நினைவு ஒன்று வந்தது. ஒரு நிலையத்தில் பழைய லீவர்களை எடுத்துவிட்டுப் பேனல் முறைக்கு மாற்றினோம். பதினோரு இரவு ரிலே அறையில் கம்பி கம்பியாகச் சோதித்தோம். திறப்பு நாளன்று மேடையில் மாலைகள் விழுந்துகொண்டிருக்க, நானும் என் ஆட்களும் உள்ளேயே நின்றிருந்தோம், ஏதாவது ஃபெயிலியர் ஆனால் பார்க்க வேண்டுமே என்று. பேரைச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. முதல் ரயிலுக்கு சிக்னல் சரியாக இறங்கியது. அன்று வருத்தமாகத்தான் இருந்தது.

கரக்பூரில் லெஸ்லி கிளாடியஸ் ஆடி வளர்ந்த ரயில்வே மைதானத்தில் இளம் வயதில் நானும் ஆடியிருக்கிறேன். கிளாடியஸ் நான்கு ஒலிம்பிக் பதக்கம் வென்றவர், நான் டிவிஷனைத் தாண்டாதவன். ஆனால் இருவருக்கும் ஒரே இடம்: ஹாஃப். எதிராளியிடமிருந்து பந்தைப் பறித்து முன்னால் இருப்பவனுக்குக் கொடுப்பது எங்கள் வேலை. ஸ்கோர் புத்தகத்தில் கோல் அடித்தவன் பெயர்தான் ஏறும். டென்னிஸ்டன் முப்பது வருடம் செய்தது இந்த வேலையைத்தான். பந்தை டூரிங்கிடம் கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர்.

பேரனிடம் ஃபோனில் எல்லாவற்றையும் சொன்னேன். "பின்னே ஏன் தாத்தா அப்படிக் காட்டினாங்க?" என்றான். "கதைக்கு ஒரு வில்லன் வேண்டியிருந்தது, அவர் செத்து ஐம்பது வருஷம் ஆயிடுச்சு, கேட்க ஆளில்லைன்னு நினைச்சிருப்பாங்க" என்றேன்.

வரும் பொங்கல் விழாவில் நம் சங்கத்துப் பிள்ளைகளுக்கு வினாடி வினா உண்டு. ஆலன் டூரிங்கை வேலைக்குச் சேர்த்த ஒலிம்பிக் ஹாக்கி வீரர் யார் என்று ஒரு கேள்வி நான் கேட்கப்போகிறேன். விடையை இப்போதே சொல்லிவிட்டேன். பெற்றோர்கள் பிள்ளைகளுக்கு இதைப் படித்துக் காட்டினால் போதும்.